பெட்டிக்குள் இருந்த ஒரு பெயர்

அன்புள்ள சேகர்,

உன் கல்யாண வரவேற்பில் நீ மைக்கை வாங்கிப் பேசியதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. "எங்க அம்மா மாதிரி ஒரு தைரியசாலி இந்தக் கண்டியிலேயே கிடையாது" என்று ஆரம்பித்தாய். ஆர்மிக்காரர்களே தள்ளி நின்றபோது அம்மா தனியாக மலையில் ஏறி, வெடிக்கும் என்று எல்லாரும் பயந்த டப்பாவைத் தன் கையால் திறந்து, உன்னை வீட்டுக்குக் கூட்டி வந்த கதையைச் சொன்னாய். மண்டபமே கை தட்டியது. சம்பந்தி, மாலதியின் அப்பா, என்னிடம் வந்து கையெடுத்துக் கும்பிட்டார். நானும் சிரித்துக்கொண்டு நின்றேன். நீ சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஜீப்பில் உட்கார்ந்து கண்ணால் பார்த்ததை நீ சொன்னாய். ஆனால் அங்கே பேசியது உன் காதில் விழவில்லை. விழாமல் போனதை இத்தனை வருஷம் நான் எனக்குச் சாதகமாக வைத்துக்கொண்டேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன். நீ தனியாகப் படிக்காதே, மாலதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படி. கல்யாணமான முதல் மாதத்தில் அம்மா இப்படி எழுதுகிறாளே என்று நினைக்கலாம். பாதியை மறைத்து வைத்துக்கொண்டு ஒரு வீட்டில் வாழ்வது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இப்பவே எழுதுகிறேன்.

உன் அப்பா போன பிறகு, சனிக்கிழமைகளில் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தவள் நான். அந்த நேரத்தில்தான் பெரேரா மாஸ்டர் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஒரு கணக்குப் பயிற்சிக்காக வந்தார். அம்பிட்டியவில் இருக்கும், ஓய்வு பெற்ற வாத்தியார். அவருடைய மகள் ஆஸ்திரேலியாவிலிருந்து இரண்டு ஜீ.பி.எஸ் கருவிகளை அனுப்பியிருந்தாள். ஜியோகேஷிங் என்று ஒரு விளையாட்டு இருக்கிறது டீச்சர் என்றார். ஒருவர் ஒரு சின்ன டப்பாவை எங்காவது ஒளித்து வைத்து, அந்த இடத்தின் அகலாங்கு நெட்டாங்கை, அதாவது அட்சரேகை தீர்க்கரேகை எண்களை, இண்டர்நெட்டில் போடுவார். மற்றவர்கள் கருவியைப் பார்த்துத் தேடிப் போய், உள்ளே இருக்கும் புத்தகத்தில் பேர் எழுதிவிட்டுத் திரும்ப அங்கேயே வைக்க வேண்டும். அவ்வளவுதான். நான் இருபது வருஷம் கரும்பலகையில் அகலாங்கு நெட்டாங்கு போட்டுக் காட்டியவள். அந்த எண்கள் ஒரு வேருக்கும் ஒரு கல்லுக்கும் நடுவில் வந்து நிற்கும் என்று கண்ணால் பார்த்தது ஹந்தானை மலைச்சரிவில், மழை ஈரத்தில் முட்டி போட்டு முதல் டப்பாவை எடுத்த அன்றுதான். சின்னப் பிள்ளை மாதிரி கத்திவிட்டேன். மாஸ்டர் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கண்டியில் நாங்கள் மொத்தம் ஐந்து பேர். அதில் மாஸ்டரையும் நேசனையும்தான் நீ நன்றாக அறிவாய். சிவநேசன். நீ நேசன் அண்ணா என்று கூப்பிட்ட பையன். யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்திலிருந்து வந்து, இங்கே ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை செய்துகொண்டு, ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தான். உனக்கு கெமிஸ்ட்ரி சொல்லிக் கொடுத்தானே. வடக்கத்திப் பையன் என்றால் அந்த வருஷங்களில் எப்படி என்று நீ பார்த்திருக்கிறாய். பொலிஸில் பதிந்த துண்டுச் சீட்டை எந்நேரமும் சட்டைப் பையில் வைத்திருப்பான். டவுனில் நடக்கும்போது கருவியைக் கையால்கூடத் தொட மாட்டான். நான்தான் என் ஹேண்ட்பேக்கில் போட்டுக்கொண்டு போவேன். சேலை கட்டிய டீச்சரை யாரும் அவ்வளவாகச் சோதிப்பதில்லை. மலை ஏறி, தேயிலைக்கு நடுவில் வந்த பிறகு அவனிடம் கொடுப்பேன். அப்போது அவன் நடக்கிற நடையே மாறிப் போகும். "டீச்சர், இஞ்ச ஆரும் என்னட்ட ஐடென்டி கேக்கமாட்டினம்" என்பான்.

நாங்கள் கவனமாகத்தான் இருந்தோம். முகாம், பாலம், ரயில் பாதை, விகாரை, கோயில் இதற்குப் பக்கத்தில் எதுவும் வைக்கக்கூடாது என்பது மாஸ்டர் போட்ட விதி. ஒவ்வொரு டப்பாவும் உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி கண்ணாடிப் பிளாஸ்டிக்கில் இருக்க வேண்டும். இது ஒரு விளையாட்டு, ஆபத்தானது இல்லை என்று மூன்று மொழியிலும் எழுதி ஒட்ட வேண்டும். கருவியை வீட்டில் இருக்கும் வேறு யாரிடமும் கொடுக்கக்கூடாது என்பதும் அவர் விதி. அதை உடைத்தவள் நான். கலஹாவில் அத்தையைப் பார்க்க நீ கிளம்பியபோது, "போற வழியில பஸ்ஸை விட்டு இறங்கி, அந்தக் கல்லுப் பாலம் தாண்டி ரொம்பத் தள்ளி இருக்கிற வளைவுல ஒரு இடத்தைப் பதிஞ்சுட்டு வாடா" என்று உன் பையில் அதைப் போட்டது நான். நீ வேண்டாம் என்றுதான் சொன்னாய். "இதுல என்ன இருக்கு, ரெண்டு நிமிஷ வேலை" என்று நான்தான் அனுப்பினேன். உனக்குப் பத்தொன்பது வயது. இந்த இடத்தை நீ எப்போதும் கதையில் விட்டுவிடுகிறாய். எனக்காக விடுகிறாய் என்று தெரியும். இனிமேல் விடாதே.

வளைவில் நின்று கையில் எதையோ பிடித்து வானத்தைப் பார்க்கிற தமிழ்ப் பையனை யாரோ பார்த்துவிட்டார்கள். திரும்பி வரும்போது பேராதனைச் சோதனைச் சாவடியில் உன்னைப் பஸ்ஸிலிருந்து இறக்கினார்கள். எனக்குச் செய்தி வந்தபோது நாலு மணி. பொலிஸ் ஸ்டேஷனுக்கு ஓடினேன். உன்னைக் காட்டவில்லை. காலையில் வா என்றார்கள். பெரேரா மாஸ்டருக்குப் போன் செய்தேன். அவர் கொழும்பில் தங்கை வீட்டில் இருந்தார். "முதல் ட்ரெயினை எடுக்கிறேன் டீச்சர். நான் வரும்வரைக்கும் எதுவும் பேச வேண்டாம். பதினொரு மணிக்கு அங்கே நிற்பேன்" என்றார். இந்த வார்த்தைகளை மனசில் வைத்துக்கொண்டு மேலே படி.

காலையில் இன்ஸ்பெக்டர் என்னை உட்கார வைத்தார். மேசையில் கருவி இருந்தது. அதில் முப்பதுக்கு மேல் இடங்கள் பதிந்திருந்தன. எல்லாவற்றுக்கும் நாங்கள் வைத்த சுருக்கப் பேர்கள். அவர் கண்ணுக்கு அது எப்படிப் பட்டிருக்கும் என்று யோசித்துப் பார். நான் சிங்களத்தில் எல்லாம் சொன்னேன். அவர் கெட்ட மனுஷன் இல்லை, கை ஓங்கவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. "டீச்சர், விளையாட்டு என்றால் ஒரு பெட்டியைக் காட்டுங்கள். பன்னிரண்டு மணிக்குள் எனக்குத் தெளிவாகாவிட்டால் பையன் கொழும்புக்குப் போய்விடுவான். அதற்குப் பிறகு என் கையில் இல்லை" என்றார். கொழும்புக்குப் போய்விடுவான் என்றால் என்ன அர்த்தம் என்று அந்த வருஷத்தில் எந்தத் தமிழ் அம்மாவுக்கும் விளக்கத் தேவையில்லை.

அம்பிட்டியவுக்கு மேலே, கைவிட்ட தேயிலைத் தோட்டத்தின் பழைய கல்லுக்கட்டில் ஒரு டப்பா இருந்தது. அங்கே போனோம். உன்னை விலங்கோடு ஜீப்பில் உட்கார வைத்திருந்தார்கள். உன் உதடு வீங்கியிருந்தது. ஆர்மிக்காரர்கள் பாறைக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள். "நீங்களே போய்த் திறங்கள்" என்றார் இன்ஸ்பெக்டர். நீ தைரியம் என்று சொன்னது இதைத்தான். எனக்குள் ஓடியதை நான் சொல்கிறேன். அந்த டப்பாவைக் கடைசியாகப் பார்த்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வேறு யாராவது கண்டுபிடித்து வேறு எதையாவது வைத்திருந்தால்? ஏறும்போது இரண்டு தரம் சறுக்கினேன். கல்லை நகர்த்தியபோது டப்பாவின் மேல் பாசி பிடித்திருந்தது, உள்ளே தெரியவில்லை. மூடி இறுகியிருந்தது. வெடித்தால் நீ பார்க்கக் கூடாதே என்றுதான் முதுகைக் காட்டிக்கொண்டு திறந்தேன். ஒரு பென்சில், இரண்டு கோலிக் குண்டு, ஒரு ரப்பர் யானை, பேர் எழுதுகிற ஒரு சின்னக் கொப்பி. அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

நீ பார்த்தது அதுவரைக்கும்தான். பிறகு இன்ஸ்பெக்டரும் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு கான்ஸ்டபிளும் மேலே வந்தார்கள். இன்ஸ்பெக்டர் ரப்பர் யானையைக் கையில் எடுத்துப் பார்த்துச் சிரித்தார், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் நீ ஜீப்பிலிருந்து பார்த்தாய். அதற்குப் பிறகு அவர் கொப்பியைப் புரட்டினார். நாங்கள் யாரும் சொந்தப் பேர் எழுதுவதில்லை, ஒவ்வொருவருக்கும் ஒரு புனைபேர். மாஸ்டர் சிங்களத்தில் எழுதுவார். நான் 'அட்லஸ்' என்று எழுதுவேன். கடைசிப் பக்கத்தில் தமிழில் ஒரு சொல் இருந்தது. கான்ஸ்டபிள் எழுத்துக்கூட்டி வாசித்தான். "வடலி. பனங்கன்று, சேர். இது இங்கத்திச் சொல் இல்லை, யாழ்ப்பாணத்தில் சொல்வது."

"யார் இது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

சேகர், அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கக் கூடியதை எல்லாம் இத்தனை வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அதுவும் என் பேர்தான் என்றிருக்கலாம். தெரியாது, யாரோ வந்து எழுதியிருக்கிறார்கள் என்றிருக்கலாம், அந்த விளையாட்டில் முகம் தெரியாதவர்கள் எழுதுவதுதான் வழக்கம். மாஸ்டர் பதினொரு மணிக்கு வருகிறார், அவர் வந்து சொல்வார் என்றிருக்கலாம். மணியைப் பார்த்தேன். ஒன்பதரை. கீழே ஜீப்பில் உன் தலை தெரிந்தது. "சிவநேசன்" என்றேன். எங்கே இருக்கிறான் என்றார். அறை எடுத்திருந்த வீட்டின் ரோட்டையும், வாசலில் இருந்த கொய்யா மரத்தையும் சேர்த்துச் சொன்னேன். கேட்டதற்கு மேலேயே சொன்னேன். யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவும் இல்லை. "நன்றி டீச்சர், பையனைக் கூட்டிக்கொண்டு போங்கள்" என்றார்.

ஒரு பேர் ஒரு தாளில் ஏறினால் என்ன நடக்கும் என்று தெரியாத பெண்ணாக இருந்தால்கூட என்னை நான் மன்னித்திருப்பேன். கலவர வருஷத்தில் உன் தாத்தாவின் கொப்பிக் கடைக்கு வந்தவர்கள் கையில் ஒரு பட்டியலோடு வந்தார்கள். பக்கத்தில் இருந்த இரண்டு கடையை விட்டுவிட்டு, பட்டியலைப் பார்த்து, எங்கள் பேரை வாசித்துவிட்டுத்தான் எரித்தார்கள். பின்வீட்டு மாடியில் ஒளிந்துகொண்டு அந்தக் குரலைக் கேட்டவள் நான். எங்கள் பேரை யார் எழுதிக் கொடுத்திருப்பார்கள் என்று உன் தாத்தா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். அப்படி எழுதிக் கொடுக்கிறவன் மனுஷனே இல்லை என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நேசனை மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது பிடித்தார்கள். வழக்கு இல்லை, விசாரணை என்று சொல்லி முதலில் இங்கே வைத்திருந்து, பிறகு தெற்கே ஒரு தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். பதினான்கு மாதம். நீ கேட்டபோதெல்லாம் "வெளிநாடு போயிட்டான்" என்று சொன்னேன். பெரேரா மாஸ்டர் ஸ்டேஷனுக்கும் வக்கீலுக்கும் முகாமுக்கும் அலைந்தார். ஒவ்வொரு பெட்டியாக மலை ஏறிப் பொறுக்கிக்கொண்டு வந்து, அதிகாரிகள் முன்னால் பரப்பிக் காட்டினார். "அவன் பேர் இவர்களுக்கு எப்படிக் கிடைத்தது டீச்சர்?" என்று என் வீட்டு வாசலில் நின்று கேட்டார். "தெரியலை மாஸ்டர்" என்றேன். அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அதோடு நான் அவரைப் பார்க்கப் போவதையும் நிறுத்திவிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒரு நாள் நம் வீட்டில் வந்து தங்கிய, வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மாவுக்கு உன் கட்டிலைக் கொடுத்தாயே. எங்கள் பள்ளிக்கூட டீச்சர் ஒருவரின் சொந்தம் என்று உன்னிடம் சொன்னேன். அது நேசனின் அம்மா. யாழ்ப்பாணப் பாதை மூடியிருந்த காலம். கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் மகனைத் தேடி வந்திருந்தார். பள்ளிக்கூட வாசலில் என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டார். "பிள்ளை, என்ர மகன் கடிதத்தில எப்பவும் உங்களைப் பற்றித்தான் எழுதுவான். டீச்சர் இருக்கிறா, எனக்குப் பயமில்லை எண்டு எழுதினவன்" என்றார். நான் வீட்டுக்குக் கூட்டி வந்து புட்டு அவித்துக் கொடுத்தேன். அவர் சாப்பிட்டுவிட்டு, "உங்களுக்குப் புண்ணியம் கிடைக்கும்" என்றார். மறுநாள் முகாமுக்குப் போகிற பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். ஜன்னலுக்குள்ளிருந்து கையாட்டினார். அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. அன்றைக்கு மட்டும் சொல்வதற்கு எத்தனை தருணம் இருந்தது என்று எண்ணினால் எனக்குத் தலை சுற்றுகிறது.

நீ மண்டபத்தில் பேசி முடித்த நாலாம் நாள் நான் அம்பிட்டியவுக்குப் போனேன். பெரேரா மாஸ்டருக்கு எண்பது தாண்டிவிட்டது, கதிரையை விட்டு எழும்ப முடிவதில்லை. நான் உட்கார்ந்து, "மாஸ்டர், அன்னைக்கு அந்தப் பேரைச் சொன்னது நான்தான்" என்றேன். "அது எனக்கு அன்றைக்கே தெரியும்" என்றார். "நான்தான் கருவிகளைக் கொண்டுவந்தேன். யாரிடம் போய் யாரைக் குற்றம் சொல்வது?" என்று அலுமாரியிலிருந்து ஒரு டயரியை எடுக்கச் சொல்லி, அதிலிருந்த விலாசத்தைக் கொடுத்தார். நேசன் வவுனியாவில் சொந்தமாக ஒரு சின்ன ஆய்வுகூடம் வைத்திருக்கிறான். இத்தனை வருஷமும் மாஸ்டரோடு பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். போன வெள்ளிக்கிழமை பஸ் ஏறினேன்.

கதவைத் திறந்தது நேசன்தான். முடி முன்னால் கொட்டியிருந்தது. "வாங்கோ டீச்சர்" என்றான். நான் உட்கார்ந்த பக்கத்திலிருந்து பேச ஆரம்பித்தேன். அவன் கையைக் காட்டி, "இந்தப் பக்கம் வந்து இருங்கோ. அந்தக் காது கேக்காது" என்றான். ஏன் கேட்காது என்று நான் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. இடம் மாறி உட்கார்ந்து, நடந்ததையெல்லாம் சொன்னேன். கொய்யா மரத்தையும் விடாமல் சொன்னேன்.

"தெரியும் டீச்சர்" என்றான். "முதல் நாளே கொப்பியைக் காட்டி, உன்ர டீச்சர்தான் சொன்னவா எண்டு சொல்லிப்போட்டினம். டீச்சரும் இதில இருக்கிறாவோ, அவவின்ர பெடியனும் இருக்கிறானோ எண்டு கன நாள் கேட்டவை."

"நீ என்ன சொன்ன?"

"உள்ளதைத்தான் சொன்னன். விளையாட்டு எண்டு. நீங்கள் ரெண்டு பேரும் ஒண்டும் அறியாத ஆக்கள் எண்டு." பிறகு சொன்னான், "மன்னிச்சிட்டன் எண்டு சொல்ல ஏலாது டீச்சர். ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். சில வருஷம் உங்கட பேரைக் கேக்கவே ஏலாமல் இருக்கும். சில வருஷம், என்ர பிள்ளை ஜீப்பில இருந்தால் நானும் சொல்லியிருப்பன் எண்டு தோன்றும்."

"உங்க அம்மாகிட்ட..."

"அவவுக்குச் சொல்லேல்லை. உங்கட வீட்டில சாப்பிட்டதைப் பற்றி அவ்வளவு சந்தோஷமாச் சொன்னவா. அதைக் கெடுக்க மனம் வரேல்லை. நான் சொல்லமாட்டன். நீங்கள் சொல்லுறதெண்டால் சொல்லுங்கோ. அவ உள்ளதான் இருக்கிறா."

சேகர், உனக்கு நான் சொல்வதெல்லாம் ஒன்றுதான். மாலதிக்கு முன்னாலும், நாளைக்கு உன் பிள்ளைகளுக்கு முன்னாலும் பயப்படு, அழு, தப்புச் செய். தைரியசாலி என்று யாராவது உன்னைக் கும்பிடும்போது மட்டும் வாயை மூடிக்கொண்டு சிரிக்காதே. பயத்தில் செய்த தப்பு எனக்கு ஒரு நிமிஷம். அதை மறைத்தது பத்து வருஷத்துக்கு மேல். இரண்டில் எது பெரிய தப்பு என்று அந்த அறைக்குள் போகும்போதுதான் எனக்குத் தெரிந்தது.

நேசனின் அம்மா கட்டிலில் உட்கார்ந்து தலை சீவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "ஐயோ, கண்டி டீச்சரெல்லே! இருங்கோ பிள்ளை, தேத்தண்ணி போடுறன்" என்று எழும்பினார். நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். தரையில் உட்கார்ந்துகொண்டு சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை, முடிந்த பிறகுதான் இழுத்துக்கொண்டார்.

"உங்கட மகன் அண்டைக்கே வீட்டை வந்திட்டானோ?" என்று கேட்டார்.

"வந்துட்டான் அம்மா. பகல் சாப்பாட்டுக்கு வந்துட்டான்."

"என்ன சமைச்சனீங்கள்?"

நான் எதிர்பார்க்காத கேள்வி. ஆனால் ஞாபகம் இருந்தது. "சோறும் பருப்பும். அவனால மெல்ல முடியல. குழைச்சு ஊட்டிவிட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். சீப்பில் இருந்த முடியை எடுத்துச் சுருட்டி ஜன்னலுக்கு வெளியே போட்டார். "ஓம்," என்றார். "நான் பதினாலு மாசம் அவனுக்கு ஒரு வாய் சோறு குடுக்கேல்லை." பிறகு எழும்பி, என்னைத் தாண்டிக் குசினிக்குள் போனார். தேத்தண்ணி வரவில்லை. நான் அரை மணி நேரம் இருந்தேன், அவர் வெளியே வரவில்லை. நேசன்தான் என்னைப் பஸ் நிலையம்வரை கொண்டுவந்து விட்டான். நான் அவனுடைய கேட்கிற காதுப் பக்கமாகத்தான் நடந்தேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்